மராமத்தும் உரிமையும்: பைத்துல் முகத்தஸில் ஒரு தேவாலயத்தின் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கங்களைப் புரட்டுவோர் 'பள்ளி மராமத்து' என்னும் வரியில் நெடுநேரம் நிற்பதில்லை. புதுக் கட்டடம் எழுப்பினால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. ஒழுகும் தளத்தைப் பூசி அடைத்தவருக்கு அவை எதுவும் இல்லை. ஆயினும் மார்க்கச் சட்டம் இவ்விரண்டில் எதற்கு முதலிடம் அளித்திருக்கிறது என்பது சிந்திக்கத் தக்கது. ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலாகிய ஹிதாயாவில் வக்ஃபைப் பற்றிய பாடத்தை ஓதியவர்கள் அறிவர்: வக்ஃபுச் சொத்தின் வருவாயிலிருந்து முதலில் செய்ய வேண்டிய செலவு அச்சொத்தைச் செப்பனிடுவதே ஆகும். வாகிஃப் அதனை நிபந்தனையாக எழுதி வைத்திருந்தாலும் சரி, எழுதாமல் விட்டிருந்தாலும் சரி, சட்டம் அதுவே. ஏனெனில் வக்ஃபு செய்தவரின் நோக்கம் அது என்றென்றும் நிலைக்க வேண்டும் என்பது. செப்பனிடாமல் எந்தக் கட்டடமும் நிலைப்பதில்லை. 'மராமத்து' என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொல்லே அரபி மொழியிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்ததுதான்.

இக்கட்டுரைக்குப் பள்ளிவாசல் ஒன்றின் வரலாற்றை எடுத்துக்கொள்ளாமல், கிறிஸ்தவர்களின் தேவாலயம் ஒன்றன் வரலாற்றை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உலகக் கிறிஸ்தவர்கள் அனைவரும் போற்றும் கட்டடம் அது. பொருளுக்குப் பஞ்சமில்லை, பக்திக்கும் பஞ்சமில்லை, பேரரசுகளே அதற்காகப் போட்டியிட்டன. அவ்வளவும் இருந்தும் அக்கட்டடம் தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்க்கப்படாமல் கிடந்தது. அதற்கு அன்னியரின் பகைமை காரணமன்று. அதனுள் வழிபடுவோரிடையே இருந்த பூசலே காரணம். அன்றியும் அவ்வாலயத்தின் வரலாற்றில் நம் முன்னோர்களின் பங்கு சிறிதன்று. அதன் வாயிற்கதவின் சாவி நூற்றாண்டுகளாக முஸ்லிம்களின் கையில் இருந்து வருவதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

தமிழில் 'திருக்கல்லறை ஆலயம்' என்றும், அரபியில் 'கனீஸத்துல் கியாமா' என்றும் வழங்கப்படும் அவ்வாலயம் பைத்துல் முகத்தஸ் நகரின் பழைய பகுதியில் உள்ளது. நபி ஈஸா (அலை) அவர்கள் அடக்கம் செய்யப்பட்டு மீண்டும் எழுந்த இடம் அதுவே என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. நமது அகீதா இதற்கு மாறானது என்பதும், அன்னாரை அவர்கள் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்று திருக்குர்ஆன் அறிவிப்பதும் யாவரும் அறிந்ததே. இக்கட்டுரையில் அந்த விவாதத்திற்குள் நாம் நுழையவில்லை. ஒரு வழிபாட்டு இல்லம் எவ்வாறு காக்கப்பட்டது, எவ்வாறு கைவிடப்பட்டது என்பதே இங்கு நம் பொருள். திருக்குர்ஆனின் ஹஜ் அத்தியாயம் மடங்களையும் தேவாலயங்களையும் யூதர்களின் ஆலயங்களையும் மஸ்ஜிதுகளையும் ஒரே வசனத்தில் சேர்த்துக் கூறி, அவை தகர்க்கப்படாமல் காக்கப்படுவதைப் பேசுகிறது என்பதையும் நினைவிற் கொள்க.

உமர் (ரலி) தொழ மறுத்த இடம்

ரோமப் பேரரசர் கான்ஸ்டண்டைன் எழுப்பிய இவ்வாலயம் கி.பி. 335-இல் திறக்கப்பட்டது. 614-இல் பாரசீகப் படையெடுப்பின்போது எரியுண்டு, பின்னர் மொடெஸ்டஸ் என்னும் மடத்தலைவரால் சீரமைக்கப்பட்டது. அதற்குப் பின் கால் நூற்றாண்டு கழியுமுன்னரே நகரம் முஸ்லிம்களின் வசமாயிற்று. தலைமைப் பாதிரியார் ஸொஃப்ரோனியஸ், கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் நகரை ஒப்படைத்தார். அவர்களுடைய தேவாலயங்கள் இடிக்கப்பட மாட்டா, குடியிருப்புகளாக மாற்றப்பட மாட்டா என்று கலீஃபா அளித்த உறுதிமொழியை இமாம் தபரீ (ரஹ்) தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார்கள்.

தொழுகை நேரம் வந்தபோது தேவாலயத்தினுள்ளேயே தொழுமாறு பாதிரியார் வேண்டியதும், கலீஃபா மறுத்து வெளியே வந்து வாயிற்படிக்கட்டில் தனித்துத் தொழுததும் மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் செய்திகளே. ஆனால் இதனை விரிவாக எழுதி வைத்தவர் ஒரு கிறிஸ்தவர் என்பதைப் பலர் சொல்வதில்லை. பத்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தலைமைப் பாதிரியாராக இருந்த ஸயீத் இப்னு பித்ரீக் என்பாரே அவர். 'நான் உள்ளே தொழுதிருந்தால், உமர் தொழுத இடம் என்று கூறி எனக்குப் பின் முஸ்லிம்கள் இதனை எடுத்துக்கொள்வர்' என்னும் கருத்தைக் கலீஃபா உரைத்ததாகவும், படிக்கட்டிலும் முஸ்லிம்கள் ஒருவர் ஒருவராகவே தொழலாம், ஜமாஅத்தாகத் தொழலாகாது, பாங்கும் கூறலாகாது என்று எழுதிக் கொடுத்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். தம்முடைய காலத்தில் அவ்வுறுதி மீறப்பட்டதென்றும் அதே ஆசிரியர் எழுதியிருக்கிறார். முதற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பிற்பகுதியை மறைப்பது நேர்மையன்று என்பதால் இதனையும் இங்குக் குறிப்பிட்டோம்.

உமர் (ரலி) அவர்களின் அச்சத்தில் ஒரு நுட்பம் உள்ளது. ஓரிடத்தில் ஒருவர் செய்யும் நற்செயல், பின்வருவோருக்கு உரிமைச் சாசனமாக மாறிவிடக்கூடும் என்பதை அவர்கள் முன்னுணர்ந்தார்கள். இவ்வாலயத்தின் பிற்கால வரலாறு முழுவதும் அந்த ஒரே கருத்தைச் சுற்றியே நடந்தது. அங்கே தொழுகையின் இடத்தில் மராமத்து வந்து நின்றது, அவ்வளவே வேறுபாடு.

1009-ஆம் ஆண்டு ஃபாத்திமி ஆட்சியாளர் அல்-ஹாகிம் பி அம்ரில்லாஹ்வின் ஆணையால் ஆலயம் இடிக்கப்பட்டது. உமர் (ரலி) அவர்களின் வாக்குறுதிக்கு நேர்மாறான இச்செயலை எவ்வகையாலும் நியாயப்படுத்த இயலாது. அவருடைய மகன் அழ்-ழாஹிர் காலத்தில் பைஸாந்தியப் பேரரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி மீண்டும் கட்ட இசைவு அளிக்கப்பட்டது. கான்ஸ்டாண்டினோபிளில் இருந்த பள்ளிவாசல் சீரமைக்கப்படுவதும் அவ்வுடன்படிக்கையில் அடங்கியிருந்தது. ஒரு நகரில் தேவாலயம், மற்றொரு நகரில் பள்ளிவாசல் என்று இரு அரசுகள் மராமத்தைப் பண்டமாற்றுச் செய்துகொண்ட செய்தி இது. 1047-இல் அங்குச் சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், எண்ணாயிரம் பேர் கூடத்தக்க பெரிய ஆலயமாக அதனைக் கண்டெழுதினார்.

1099-இல் சிலுவைப் போராளிகள் நகரைக் கைப்பற்றினர். இன்று நாம் காணும் கட்டட அமைப்பின் பெரும்பகுதி அவர்கள் காலத்தது. 1187-இல் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) நகரை மீட்டபோது ஆலயத்தை இடித்துவிட வேண்டும் என்று சிலர் ஆலோசனை கூறினர். உமர் (ரலி) விட்டுவைத்ததை நாம் இடிக்கலாகாது என்ற கருத்தே வென்றது. இதனை அவருடைய செயலாளர் இமாதுத்தீன் அல்-இஸ்ஃபஹானீ பதிவு செய்துள்ளார். ஸலாஹுத்தீனின் மகன் அல்-அஃப்ளல், 1193-இல் ஆலயத்தின் தெற்கே மஸ்ஜித் உமரை எழுப்பினார். உமர் (ரலி) தொழுதது கிழக்கு வாயிலின் படிக்கட்டில். இடைக்காலத்தில் வாயில் தென்புறம் மாறிவிட்டதால் பள்ளியும் தென்புறம் அமைந்தது.

சாவியைப் பற்றிய செய்தியையும் இங்கே கூறிவிடலாம். ஜூதா என்னும் முஸ்லிம் குடும்பத்தார் சாவியைப் பாதுகாப்பர். நுஸைபா என்னும் முஸ்லிம் குடும்பத்தார் கதவைத் திறப்பர். தங்கள் பொறுப்பு ஸலாஹுத்தீன் காலத்தில் தரப்பட்டது என்பது முதற்குடும்பத்தின் மரபு. உமர் (ரலி) காலம் முதற்கொண்டே என்பது இரண்டாம் குடும்பத்தின் மரபு. ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தையும் தாண்டிய இரும்புச் சாவி அது. கதவிலுள்ள சிறு சாளரத்தின் வழியே உள்ளிருந்து ஓர் ஏணியைப் பாதிரியார் வெளியே நீட்டுவார். அதன்மேல் ஏறி மேற்பூட்டைத் திறப்பர். உள்ளே வழிபடும் பிரிவினருள் எவரிடம் சாவி இருந்தாலும் மற்றவர் ஒப்பார் என்பதால், எப்பிரிவையும் சாராத முஸ்லிம் கையில் அது தங்கிவிட்டது.

யார் பழுதுபார்த்தாரோ அவருக்கே சொந்தம்

அவ்வாலயத்தில் பங்குடையோர் ஆறு பிரிவினர். கிரேக்க ஆர்த்தடாக்ஸ், பிரான்சிஸ்கன் துறவியர் சார்பில் கத்தோலிக்கர், அர்மீனியர் ஆகிய மூவரும் பெரும் பங்குடையோர். கோப்திக், எத்தியோப்பியர், சுரியானியர் ஆகிய மூவர் சிறு பங்குடையோர். எந்தத் தூண் யாருக்கு, எந்த விளக்கு யாருக்கு, எந்த நேரத்தில் யார் தூபம் காட்டுவது என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டுள்ளன.

உஸ்மானிய ஆட்சியில் பழைய தேவாலயங்களைச் செப்பனிட இசைவு பெற வேண்டியிருந்தது. காழியின் ஆட்கள் வந்து பார்வையிட்டு அளவெடுப்பர். பணி முடிந்தபின் மீண்டும் வந்து, பழையதற்கு மேல் கூட்டிக் கட்டப்படவில்லை என்று உறுதி செய்வர். இம்முறையில் நாளடைவில் ஒரு விளைவு உண்டாயிற்று. எப்பகுதியைச் செப்பனிட எப்பிரிவினர் இசைவு பெற்றனரோ, அவ்விசைவுச் சீட்டே அப்பகுதி அவர்களுடையது என்பதற்குச் சான்றாயிற்று. பின்னாளில் பிரிட்டிஷ் அதிகாரி எல். ஜி. ஏ. கஸ்ட் 1929-இல் வெளியிட்ட அறிக்கையில் இவ்வழக்கத்தைத் தெளிவாக விளக்கியுள்ளார். ஒரு கூரையையோ தரையையோ பழுதுபார்க்கும் அதிகாரம், அதன்மீதான தனியுரிமையைக் குறிக்கும். ஒரு விளக்கைத் தொங்கவிடுவதும், ஒரு படத்தை மாட்டுவதும்கூட அச்சுவரின் மீதான உரிமையைக் குறிக்கும். ஆகவே, ஒருவர் ஆணி அடிக்க வந்தால் மற்றவர் தடுத்தாக வேண்டும்; தடுக்காமல் இருந்தால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளப்படும். உடைந்த ஓட்டை மாற்ற ஒருவர் முன்வந்தால், அது சேவையாகத் தோன்றாமல் படையெடுப்பாகத் தோன்றும் நிலை அது.

(நம் ஊர்களின் பள்ளிகளில் மின்விசிறியின் இறக்கையிலும் கடிகாரத்தின் முகப்பிலும் 'உபயம்' என்று பெயர் எழுதி வைப்பதைக் கண்டிருப்பீர்கள். அப்பெயரால் இதுவரை எவரும் மேற்கூரைக்கு உரிமை கோரவில்லை என்பது அல்லாஹ்வின் அருள்.)

1808-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆலயத்தில் பெருந்தீ பிடித்தது. மரத்தாலான பெருங்குவிமாடம் எரிந்து, அதன் நேர் கீழே இருந்த கல்லறை மாடத்தின் மீது சரிந்து விழுந்தது. அப்போது ஐரோப்பா நெப்போலியனின் போர்களில் மூழ்கியிருந்ததால் கத்தோலிக்க அரசுகள் உதவிக்கு வர இயலவில்லை. கிரேக்கர் சுல்தான் இரண்டாம் மஹ்மூதிடம் இசைவு பெற்று, 1809, 1810 ஆகிய ஆண்டுகளில் நிகோலாஸ் கொம்னெனோஸ் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு மீண்டும் கட்டி முடித்தனர். அப்பணியின்போது சிலுவைப்போர் மன்னர்களின் கல்லறைகள் அகற்றப்பட்டன; கத்தோலிக்கருக்கு அது ஆறாத மனக்குறையாயிற்று. கட்டியவர் கிரேக்கர், ஆகவே, உரிமையும் அவர்களுக்கே பெருகிற்று.

அவ்வாறு அவசரத்தில் எழுந்த குவிமாடம் நாற்பது ஆண்டுகளுக்குள் பழுதுபட்டது. அதைச் செப்பனிடுவது யார் என்பதில் கத்தோலிக்கருக்குப் பிரான்சும் கிரேக்கருக்கு ரஷ்யாவும் துணை நின்றன. சுல்தான் அப்துல் மஜீத் 1852-இல் ஃபர்மான் பிறப்பித்தார். 1757-ஆம் ஆண்டின் ஃபர்மானை அடியொற்றி, அவரவர் அன்று எங்கு இருந்தனரோ அங்கேயே இருக்க வேண்டும். எதுவும் மாற்றப்படலாகாது என்பது அதன் சாரம். குவிமாடத்தைத் தாமே செப்பனிட்டுத் தரவும் சுல்தான் முன்வந்தார். எனினும் வல்லரசுகளின் பேராசைகள் பல சேர்ந்து 1853-இல் கிரிமியப் போர் மூண்டது. போருக்குக் காரணங்கள் பல; அவற்றுள் ஒழுகும் கூரையும் ஒன்று. போர் முடிந்தபின் 1862-இல் பிரான்சும் ரஷ்யாவும் உஸ்மானிய அரசும் செலவைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டன. இரும்புச் சட்டம் அமைத்த புதிய குவிமாடம் அப்பத்தாண்டின் இறுதியில் எழுந்தது. சமாதானமாக முன்னரே செய்திருக்கக் கூடியதை, இலட்சக்கணக்கான உயிர்களைப் பலி கொடுத்தபின் செய்தனர்.

ஆலயத்தின் முகப்பில், மேல்மாடச் சாளரத்தின் கீழ், ஒரு சிறிய மர ஏணி சாய்த்து வைக்கப்பட்டுள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் வரையப்பட்ட படங்களிலேயே அது காணப்படுகிறது. எதையும் இடம் மாற்றலாகாது என்ற விதியால் அதனை அகற்றப் பிரிவினர் எவரும் துணியவில்லை.

மராமத்தில் மானப்பிரச்சினை புகுவது அவர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் கிப்லாவின் வரலாறே இதற்குச் சான்று. நபி (ஸல்) அவர்களுக்கு முப்பத்தைந்து வயதாக இருந்தபோது குறைஷியர் கஅபாவைப் புதுப்பித்தனர். சுவர்களைப் பங்கிட்டுக் கட்டியவரை ஒற்றுமையாக இருந்தவர்கள், ஹஜருல் அஸ்வதைப் பதிக்கும் தருணத்தில் வாளை உருவும் நிலைக்கு வந்தனர். பனூ அப்துத் தார் கூட்டத்தார் இரத்தம் நிறைந்த கிண்ணத்தில் கைகளைத் தோய்த்துச் சத்தியம் செய்தனர் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. நபி (ஸல்) அவர்கள் ஒரு துணியை விரித்து, கல்லை அதில் வைத்து, ஒவ்வொரு கோத்திரத்தாரையும் ஒரு முனையைப் பிடித்து உயர்த்தச் செய்து, தம் திருக்கரத்தால் அதனைப் பதித்தார்கள். அதே புதுப்பிப்பில் தூய்மையான பொருள் போதாமையால் குறைஷியர் கஅபாவின் ஒரு பகுதியைச் சுவருக்கு வெளியே விட்டனர், அதுவே ஹத்தீம். அறியாமைக் காலத்து மக்களாயினும், கட்டடத்தைச் சுருக்கிக்கொண்டார்களே தவிர, வட்டிப் பணத்தைக் கலக்கவில்லை. வசூல் குழுவில் உள்ளோர் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

நிலநடுக்கமும் இரும்புச் சட்டமும்

1927 ஜூலை 11 அன்று ஃபலஸ்தீனை நிலநடுக்கம் உலுக்கியது. திருக்கல்லறை ஆலயமும் மஸ்ஜிதுல் அக்ஸாவும் ஒரே நாளில் சேதமடைந்தன. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது.

அக்ஸாவின் பழுதுகள் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தன. ஃபலஸ்தீனின் உயர் முஸ்லிம் கழகம் துருக்கியக் கட்டடக் கலைஞர் கமாலுத்தீனை அழைத்து 1920-களில் பணியைத் தொடங்கியிருந்தது. அதற்காக ஹிஜாஸுக்கும் இந்தியாவுக்கும் தூதுக்குழுக்கள் வந்து நிதி திரட்டின. ஹைதராபாத் நிஜாமும் நன்கொடை அளித்தார். நிலநடுக்கத்திற்குப் பின் சேதம் மிகுந்தமையால் 1938 முதல் 1942 வரை மீண்டும் பெரும்பணி நடந்தது. எகிப்து மன்னர் ஃபாரூக் மேற்கூரைக்குப் பொருள் தந்தார். அப்பணியில் குறை கூறத்தக்கவை இருந்தன. பழமையான பகுதிகள் பல அகற்றப்பட்டன. எனினும் பொறுப்பு ஒரு கழகத்திடம் இருந்தமையால் பணி நடந்தது.

தேவாலயத்திலோ ஒருவர் தொடங்க மற்றவர் இசையவில்லை. அரசே முன்வந்து முட்டுக்கொடுத்தல்லாது வேறு வழியில்லை. பிரிட்டிஷ் பொறியாளர்கள் இரும்பாலும் மரத்தாலும் சுவர்களுக்கு முட்டுக்கொடுத்தனர். 1947-இல், நாட்டை விட்டு வெளியேறுவதற்குச் சற்று முன், கல்லறை மாடத்தைச் சுற்றிலும் இரும்புத் தூலங்களைப் பூட்டிச் சென்றனர். தற்காலிக ஏற்பாடாகப் பூட்டப்பட்ட அவ்விரும்புக் கூடு எழுபது ஆண்டுகள் அங்கேயே இருந்தது. உலகெங்கிலுமிருந்து வந்த புனிதப் பயணிகள் அந்த இரும்புக்குள் நின்ற மாடத்தையே கண்டு திரும்பினர்.

1949-இல் கத்தோலிக்கரின் சார்பில் ஒரு திட்டம் வெளியிடப்பட்டது. பழைய கட்டடங்களைப் பெருமளவில் அகற்றிவிட்டு, முற்றிலும் புதிய பேராலயம் ஒன்றை எழுப்புவதே அத்திட்டம். அது நிறைவேறவில்லை, நிறைவேறாதது நன்றே. பழுதுபார்ப்பதைப் பல்லாண்டுகள் தள்ளிப் போட்டவர்கள் ஈற்றில் சொல்லும் சொல், 'இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்' என்பதே. நம் கடலோர ஊர்களில் கல்தச்சர்கள் செதுக்கிய பழம்பள்ளிகள் சில அவ்வாறே மறைந்தன. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் எஞ்சி நிற்கும் கற்பள்ளிகளைக் கண்டோருக்கு, இழந்தது எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஜோர்தானின் ஆட்சிக் காலத்தில், 1950-களின் இறுதியில், பெரும் பங்குடைய மூன்று பிரிவினரும் சேர்ந்து பணியாற்ற உடன்பட்டனர். 1960-களில் வேலை தொடங்கியது. தூண்களும் சுவர்களும் ஒவ்வொன்றாகச் சீராயின. ஆனால் குவிமாடத்தின் உட்புறத்தை எவ்வாறு அலங்கரிப்பது என்பதில் கருத்தொற்றுமை ஏற்பட மேலும் பல்லாண்டுகள் பிடித்தன. 1997 ஜனவரியிலேதான் அது திறந்து காட்டப்பட்டது. எந்தப் பிரிவினரின் மரபையும் சாராத, வெறும் ஒளிக்கதிர்களின் வடிவமே அதில் இடம்பெற்றது. எவருக்கும் தனித்துச் சொந்தமில்லாத வடிவம் என்பதாலேயே யாவரும் அதற்கு இசைந்தனர் போலும்.

சிறு பூசல்களோ ஓயவில்லை. 2002-ஆம் ஆண்டின் கோடையில் கூரைமேல் காவல் இருந்த ஒரு கோப்திக் துறவி, வெயிலுக்காகத் தம் நாற்காலியைச் சற்று நிழலுக்கு நகர்த்தினார். அதனை எத்தியோப்பியர் அத்துமீறலாகக் கருதினர். கைகலப்பில் பதினொருவர் மருத்துவமனைக்குச் சென்றனர். 2011-இல் பெத்லஹேம் ஆலயத்தைப் பெருக்கும்போது, யார் எதுவரை பெருக்குவது என்ற தகராறில் கிரேக்க, அர்மீனியத் துறவிகள் துடைப்பங்களாலேயே அடித்துக்கொண்டனர். கூரையிலுள்ள எத்தியோப்பியரின் சிற்றாலயத்தில் கல் பெயர்ந்து விழுந்தபின், 2018-இல் இஸ்ரேலிய அதிகாரிகள் அதனைச் செப்பனிடத் தொடங்கினர். இடம் எங்களுடையது, நாங்களே செப்பனிடுவோம் என்று கோப்திக் துறவியர் வாயிலில் அமர்ந்து மறித்தனர். காவலர் அவர்களை இழுத்து அகற்றினர். இவற்றைப் படித்து நகைப்பது எளிது. ஆனால் நிர்வாகப் பூசலால் பள்ளிக்குப் பூட்டு விழுந்த ஊர்களும், வருவாய்க் கோட்டாட்சியர் முன்னிலையில் சமாதானக் கூட்டத்திற்குச் சென்று நின்ற ஜமாஅத்துகளும் நம்மிடையே இல்லையா? அச்சமயங்களில் எல்லாம் தளத்தில் தேங்கிய மழைநீர் எவர் பக்கம் நியாயம் என்று பார்த்துக் கீழே இறங்கியதில்லை.

பூட்டிய பின் பிறந்த உடன்பாடு

2015 பிப்ரவரியில் கல்லறை மாடம் எந்நேரமும் சரியக்கூடும் என்ற நிலையில், இஸ்ரேலியக் காவல்துறையினர் அதனைச் சில மணி நேரம் மூடினர். உள்ளிருந்த துறவியரும் வெளியேற்றப்பட்டனர். பல நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள் ஓரங்குலத்தையும் விட்டுக்கொடுக்காதவர்கள், தங்களுள் எவரையும் சாராத ஓர் அரசு ஒரே நாளில் அனைவரையும் வெளியே நிறுத்த முடியும் என்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டு, 2016-இல், கிரேக்கரும் பிரான்சிஸ்கன்களும் அர்மீனியரும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர்.

ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை அந்தோனியா மொரோபூலு தலைமையில் குழு அமைந்தது. பளிங்குப் பலகைகளுக்குப் பின்னிருந்த சாந்து ஈரத்தால் உதிர்ந்து போயிருந்தது. மெழுகுவர்த்திப் புகை இரண்டு நூற்றாண்டுகளாகக் கல்லின் மேல் படிந்திருந்தது. பயணியர் வருகை தடைபடாதிருக்க வேலையின் பெரும்பகுதி இரவில் நடந்தது. பலகைகளைக் கழற்றி, உட்சுவரின் இடுக்குகளில் சாந்துக் குழம்பைச் செலுத்தி, டைட்டானியத் தண்டுகளால் பிணைத்து, பலகைகளை மீண்டும் பொருத்தினர். அக்டோபரில் கல்லறையின் மேற்பலகையை அறுபது மணி நேரம் மட்டும் அகற்றிப் பார்த்தனர். அடிப்பலகையின் கீழிருந்த சாந்தைச் சோதித்தபோது, அது நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது எனத் தெரிந்தது. 1009-ஆம் ஆண்டின் இடிப்பில் முற்றிலும் அழிந்ததாகக் கருதப்பட்ட இடத்தின் அடித்தளம் எஞ்சியிருந்ததற்கு அது சான்றாயிற்று.

செலவு முப்பது இலட்சம் டாலருக்கும் மேல். மூன்று பிரிவினரும் பங்கிட்டனர். அவர்களன்றி, ஜோர்தான் மன்னர் இரண்டாம் அப்துல்லாஹ் தம் சொந்தப் பொருளிலிருந்து நன்கொடை அளித்தார். ஃபலஸ்தீன அதிகார அமைப்பும் அளித்தது. பதின்மூன்று இலட்சம் டாலர் உலக நினைவுச் சின்னங்கள் நிதியத்தின் வழியாக வந்தது. இஸ்தான்பூலின் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த அஹ்மத் எர்தெகுன் என்பாரின் மனைவி மிகா எர்தெகுன் என்னும் பெருமாட்டி வழங்கிய கொடை அது. 2017 மார்ச் 22 அன்று மாடம் திறக்கப்பட்டபோது, பிரிட்டிஷார் பூட்டிய இரும்புத் தூலங்கள் அங்கில்லை.

ஆயினும் அப்பல்கலைக்கழகக் குழுவினர் திறப்பு விழாக் காலத்திலேயே ஓர் எச்சரிக்கையும் விடுத்தனர். மாடம் நிற்கும் நிலத்தின் அடியில் பழைய கால்வாய்களும் வெற்றிடங்களும் உதிர்ந்த சாந்தும் உள்ளன. ஈரம் அவற்றின் வழியே ஏறுகிறது. அடித்தளம் தளர்ந்தால் மேலே செய்த பணி யாவும் வீணாகும் என்றனர். இம்முறை காவல்துறை வந்து மூடும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 2019-இல் மூன்று பிரிவினரும் மற்றோர் உடன்படிக்கை செய்து, 2022 மார்ச்சில் தரையைப் பெயர்க்கத் தொடங்கினர். ரோமின் லா ஸபியென்ஸா பல்கலைக்கழகத்தின் தொல்லியலார் பகுதி பகுதியாகத் தோண்டி ஆய்ந்தனர். ஆலயம் எழுமுன் அங்கே ஒலிவமரங்களும் திராட்சைக் கொடிகளும் வளர்ந்ததற்கான தடயங்கள் கிடைத்ததாக 2025-இல் செய்தி வெளியாயிற்று. பெயர்த்த கற்களைப் பழுதுநீக்கி மீண்டும் பதிப்பதும், தரைக்கடியில் மின்கம்பிகளுக்கும் தீயணைப்பு ஏற்பாட்டிற்கும் வழி அமைப்பதும் அத்திட்டத்தில் அடங்கும். 1808-இல் பெருந்தீயால் எரிந்த ஆலயத்திற்கு அத்தகைய ஏற்பாட்டைத் திட்டமிட அவர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயின.